உடலுறவுக்கும் கருவுக்கும் உள்ள தொடர்பு ஆதி மனிதருக்கு எப்படிப் பிடிபட்டது?

சுவடி:

நெருப்பில் கை வைத்தால் உடனே சுடும். காரணமும் விளைவும் ஒட்டியே நிற்கும். கூடலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நடுவிலோ நம் கணக்கில் பத்து மாதம் கிடக்கிறது. கூடியவர்கள் எல்லோரும் கருவுறுவதும் இல்லை. எழுத்தும் நாட்காட்டியும் இல்லாத மனிதர்கள் இந்த இரண்டையும் எப்படி முடிச்சுப் போட்டார்கள்?

தேடினால் இரண்டு பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுக்கு முன் ஆடுமாடு வளர்க்கத் தொடங்கியபோது விலங்குகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள், அதுவரை பெண் தானாகவே பிள்ளை பெறுகிறாள் என்று நினைத்துத் தாய்த்தெய்வத்தைக் கும்பிட்டார்கள். இன்னொன்று: பசிபிக்கில் ட்ரோப்ரியாண்ட் தீவுக்காரர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இது தெரியாது.

இவை எந்த அளவுக்கு நிற்கும்? தொல்லியலில் நேரடிச் சான்று ஏதாவது உண்டா? ஊகத்தை ஊகம் என்று சொல்லியே எழுதினால் நல்லது.

எலும்பும்கல்லும்:

முதலில் கேள்வியை உடைத்துக்கொள்ளுங்கள். "தெரியும்" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு தனித்தனி அறிவு இருக்கிறது. ஆண் தொடர்பே இல்லாமல் பிள்ளை வராது என்பது ஒன்று. ஒரே முறை கூடினாலும் வரலாம் என்பது இரண்டாவது. மாதத்தில் எந்த நாட்களில் என்பது மூன்றாவது. ஆணிடமிருந்து எது போகிறது, பெண்ணிடம் எதோடு சேர்கிறது என்பது நான்காவது. இவற்றில் முதலாவது மிக மிகப் பழையது என்பது என் ஊகம். நான்காவதை மனிதன் நுண்ணோக்கியில் கண்ணால் கண்டு எழுதியது 1876இல்தான். நான்கையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் "தெரியும்", "தெரியாது" சண்டை நூறு வருடமாக ஓயவில்லை.

இனி, தொடர்பு ஏன் எளிதில் கண்ணில் படாது என்று பார்ப்போம். மாடு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும்: விடாமல் கத்தும், கண்ணாடி போலக் கோழை வழியும், மற்ற மாட்டின் மேல் ஏறும். பெண்ணுக்கு முட்டை வெளிவரும் நாள் பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. கூடலோ எந்த நாளிலும் நடக்கும். கரு நிற்கக்கூடிய நாட்கள் ஒரு சுழற்சியில் ஆறு மட்டுமே: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, ஐந்து நாள் முந்திக் கூடினால் வாய்ப்பு பத்தில் ஒன்று. முட்டை வெளிவரும் நாளிலேயே என்றால் மூன்றில் ஒன்று. நாள் பார்க்காமல் ஏதோ ஒரு நாள் ஒரே ஒரு முறை என்றால் நூற்றுக்கு மூன்றுதான் தேறும். "காரணம்" நூறு முறை நடக்கிறது, தொண்ணூற்றேழு முறை ஒன்றும் ஆவதில்லை.

வேட்டையாடி, கிழங்கும் கொட்டையும் திரட்டி வாழும் கூட்டங்களில் இது இன்னும் மங்கலாகிவிடும். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைநிலத்தில் வாழும் குங் மக்களிடம் 1960, 70களில் எடுத்த கணக்கு கையில் இருக்கிறது. பெண்கள் வயதுக்கு வருவது சராசரியாகப் பதினாறரை வயதில், தலைப்பிள்ளை பத்தொன்பதை ஒட்டி. பல பெண்களுக்குப் பூப்புக்கு முன்பே மணமாகிவிடும். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் பல சுழற்சிகளில் முட்டையே வெளிவராது. ஆக, வருடக்கணக்கில் கூடியும் பிள்ளை இல்லை. பிறகு பிள்ளை பிறக்கிறது. பகலில் சராசரி 13 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் போலக் குழந்தை பால் குடிக்கும். இப்படி அடிக்கடி சப்பும்போது தாயின் மூளை முட்டை முதிர்வதற்கான சுரப்பைத் தடுத்து வைக்கும், மாதவிலக்கும் வராது. அடுத்த பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு வருடம் ஆகும். அந்த நான்கில் பெரும்பகுதி கூடலும் உண்டு, கருவும் இல்லை. "பால் மறந்தால்தான் அடுத்த கரு நிற்கும்" என்று ஒருத்தி முடிவுகட்டினால் அதில் பாதிக்கு மேல் உண்மைதான்.

இத்தனை இருந்தும் முதல் அறிவு பழையது என்று ஏன் சொல்கிறேன்? கரு வந்த சமயங்களை எண்ணிக் கொண்டிருக்கத் தேவையில்லை, வரவே வராத ஆட்களைப் பார்த்தாலே போதும். ஆணோடு சேராத சிறுமிக்கு வந்ததில்லை. கணவன் செத்துத் தனியே இருப்பவளுக்கு வந்ததில்லை. சேர்ந்திருந்தாலும் விலக்கு நின்ற கிழவிக்கு வந்ததில்லை. முப்பது நாற்பது பேர் ஒன்றாக அலையும் கூட்டத்தில் யார் யாரோடு என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மறைக்க மரம்கூட இருக்காது. அதோடு, "பத்து மாத இடைவெளி" என்பதும் வெளியாள் கணக்கு. உடம்பு அதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடும்: இரண்டு வாரத்தில் நாள் தள்ளிப்போகும், ஐந்தாறு வாரத்தில் மசக்கை, மார்பில் கனம், 16 முதல் 20 வாரத்துக்குள் வயிற்றில் துடிப்பு. இதையெல்லாம் ஒரு தலைமுறைப் பெண்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல மொழி வேண்டும், அவ்வளவே. அதனால் எத்தனை ஆயிரம் ஆண்டு என்று கேட்டால், மொழி எவ்வளவு பழையதோ அதை ஒட்டி என்பேன். இந்தக் கடைசி வரி ஊகம், மற்றவை கணக்கு.

தினைப்புனம்:

ஆடு வளர்ப்புக் கதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில் ஒரு உண்மை இருக்கிறது, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள்.

ஈரானின் ஸாக்ரோஸ் மலைப் பகுதியில் கஞ்ச் தாரே என்ற சிறு மேடு. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழைய ஆட்டு எலும்புகள் அங்கே குவியலாகக் கிடைத்தன. மெலிண்டா ஸீடரும் பிரையன் ஹெஸ்ஸியும் அவற்றை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முறை எளிது: எலும்பின் பருமனை வைத்துக் கிடாவா பெட்டையா என்று பிரிக்கலாம். கால் எலும்பின் முனை தண்டோடு ஒட்டிவிட்டதா என்பதை வைத்து வயதை மதிக்கலாம், ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு வயதில் ஒட்டும். கிடைத்த படம் இதுதான்: கிடாக்கள் பெரும்பாலும் இளசாகவே அறுபட்டிருக்கின்றன, பெட்டைகள் ஈன்று முடியும் வயது வரை விடப்பட்டிருக்கின்றன. வேட்டைக்காரன் மந்தையைச் சுடும் கணக்கு இப்படி வராது, அவன் கறி அதிகமுள்ள வளர்ந்த கிடாவைத்தான் தேடுவான். இது இன்றைக்கும் ஆடு மேய்க்கும் எந்தக் கீதாரியும் செய்யும் கழிப்பு. இருபது முப்பது பெட்டைக்கு ஒரு பொலிகிடா போதும், மீதிக் கிடாக்குட்டி எல்லாம் கறிக்கு.

ஆக, அந்தக் காலத்திலேயே கிடா வேண்டும் என்பதும், நிறைய வேண்டாம் என்பதும் தெரிந்திருக்கிறது. கிடாவால் பயனில்லை என்று நினைத்திருந்தால் எல்லாவற்றையும் அறுத்திருப்பார்கள், அடுத்த பருவத்தில் குட்டியே இருந்திருக்காது. (காட்டுக்கிடா வந்து சேர்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். இதே கேள்வி பன்றி வடிவில் ட்ரோப்ரியாண்டில் வருகிறது, தெரிந்தவர்கள் எழுதட்டும்.)

ஆனால் இதை வைத்து "ஆடு சொல்லிக் கொடுத்தது" என்று சொல்ல முடியாது. மந்தை கட்டும் முதல் நாளே கிடாவை எண்ணிக் கழித்திருக்கிறார்கள் என்றால், அந்த அறிவோடுதான் மந்தைக்குள் வந்திருக்கிறார்கள். வேட்டைக்காரனுக்கு விலங்கின் இணைச்சேர்க்கைக் காலம் தெரியாமல் தொழிலே நடக்காது. குளிர் நாட்டு மலை ஆடு இலையுதிர்காலத்தில் சேரும், ஐந்து மாதம் கழித்து வசந்தத்தில் ஈனும். ஒரே மாதத்தில் முட்டிமோதல், ஒரே மாதத்தில் குட்டிகள், இது ஆண்டுதோறும் நடக்கும். நாயோ இன்னும் முந்தி வீட்டுக்கு வந்தது. ஜெர்மனியின் பான்-ஓபர்காசலில் மனிதரோடு சேர்த்துப் புதைத்த நாயின் வயது 14,000 ஆண்டுக்கு மேல். நாய் கூடிப் பிணைந்து நிற்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது, 63 நாளில் குட்டி போடுவதையும்தான். பன்றிக்கு 114, ஆட்டுக்கு 150, பசுவுக்கு 280 சொச்சம் நாள். விலங்கு பருவத்தில் மட்டும் சேரும், சேர்ந்தால் பெரும்பாலும் சினை நிற்கும். மனிதப் பெண்ணைவிட இங்கே பாடம் தெளிவு.

எல்லா விலங்கும் நல்ல வாத்தியார் என்றும் சொல்லிவிட முடியாது. சேவலே இல்லாமல் கோழி முட்டையிடும். அடைவைத்தால்தான் கூமுட்டை என்று தெரியும். சேவலைப் பிரித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் பொரிக்கும் முட்டை வந்துகொண்டிருக்கும், விந்து கோழியின் குழாயில் சேமிப்பில் இருப்பதால். கோழியை மட்டும் பார்த்து ஒருவர் இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பாவம்.

கடலோடி:

எல்லாம் சரி, ட்ரோப்ரியாண்டை எப்படித் தள்ளுவீர்கள்? மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி இரண்டு வருடம் அங்கே தங்கி, அவர்கள் மொழியிலேயே பேசி எழுதியது. ஆவிதான் பிள்ளை வைக்கிறது, அப்பனுக்குப் பங்கில்லை என்று அந்த மக்களே அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சமூகத்துக்கு 1918 வரை தெரியாமல் இருக்க முடியும் என்றால், ஆதி மனிதனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம் ஆசைதானே?

மறுவாசிப்பு:

கடலோடி, அவர்கள் சொன்னதை முழுதாகப் பார்த்தால் முடிவு மாறும்.

நம்பிக்கை இது: செத்தவரின் ஆவி, பலோமா, டூமா தீவுக்குப் போகும். அங்கே மூப்படைந்து, சலித்துப்போய், வாய்வாயா என்ற சிசு ஆவியாக மாறி, கடலில் மிதந்து வந்து தன் தாய்வழிக் குலத்துப் பெண் ஒருத்திக்குள் புகும். கடல் பொங்கி நுரையும் சருகும் ஒதுங்கும் நேரத்தில் மணமாகாத பெண்கள் நீரில் இறங்கத் தயங்குவார்கள். பிள்ளை வேண்டுபவள் குடிசையில், அவள் சகோதரன் கடல்நீரை மொண்டு வந்து இரவு முழுக்க வைப்பதும் உண்டு.

இவ்வளவுதான் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே மக்கள் அதே மலினோவ்ஸ்கியிடம் சொன்ன மற்றொன்று: கன்னி கருவுற மாட்டாள், வழி திறந்திருக்க வேண்டும். அவர்களுடைய புராண வீரன் டுடாவாவின் தாய்க்கு ஆண் துணை இல்லை. அந்தக் கதைகூட அவளைக் குகையில் படுக்கவைத்து, மேலிருந்து சொட்டும் நீரால் வழி திறந்த பிறகே பிள்ளை தருகிறது. ஆண் இல்லாமல் பிள்ளை சொல்ல வேண்டிய கதைக்கே இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது! எலும்பும்கல்லும் பிரித்த நான்கில் முதலாவது அவர்களிடம் ஏறக்குறைய இருக்கிறது. அவர்கள் மறுத்தது அப்பனின் பொருள் பிள்ளைக்குள் போகிறது என்பதை.

மறுப்புக்கு அவர்கள் வைத்த வாதங்களும் லேசானவை அல்ல. மணமாகாத பெண்கள் விருப்பம்போல் கூடுகிறார்கள், பிள்ளை எங்கே? மேலே குங் மக்களுக்குச் சொன்ன அதே இளவயது மலட்டுக்காலம் இங்கே சாட்சியாக நிற்கிறது. யாரும் தொட மாட்டார்கள் என்று ஊரே கேலி பேசும் அழகற்ற பெண்ணுக்கு எப்படிப் பிள்ளை வந்தது? இருட்டில் போய் வந்தவர்கள் வெளியே சொல்லவில்லை என்பதை மலினோவ்ஸ்கியே எழுதுகிறார். பன்றி வாதம்தான் எல்லாவற்றிலும் சுவையானது. ஊர் ஆண்பன்றிகளுக்கெல்லாம் காயடித்துவிடுவார்கள், பெட்டைகள் ஈன்றுகொண்டே இருக்கும். "பார், ஆண் தேவையில்லை" என்றார்கள். ஊர் எல்லைப் புதரில் காட்டுப்பன்றி மேய்ந்துகொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தினைப்புனம் அடைப்புக்குறிக்குள் போட்டது இதுதான்.

பிள்ளை அப்பன் சாயலில் இருப்பதற்கும் பதில் வைத்திருந்தார்கள்: கூடவே படுப்பதால் அவன் வயிற்றிலுள்ள முகத்தை வனைகிறான். தாய் சாயல், மாமன் சாயல் என்று சொல்வது அங்கே வசவு. தாய்வழியில் குலமும் நிலமும் போகும் ஊரில் அப்பனுக்கு ரத்தப் பங்கு தர முடியாது, முகத்தை மட்டும் தந்து சமாளித்திருக்கிறார்கள்.

1950களில் அங்கே போன ஹாரி பவல் இதை இன்னும் நறுக்கென்று பிடித்தார். பலோமா கதை "ஆண்கள் பேச்சு", சபையில் குலம், உரிமை பற்றி வழக்கு வரும்போது சொல்வது. விந்து போய் விலக்கு ரத்தத்தை உறையவைப்பதால் கரு உண்டாகிறது என்பது "பெண்கள், பிள்ளைகள் பேச்சு". இரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் புழங்கியிருக்கின்றன. கேட்டவர் எந்தச் சபையில் உட்கார்ந்து கேட்டார் என்பதைப் பொறுத்தது பதில்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. குயின்ஸ்லாந்தின் டல்லி ஆற்றங்கரை மக்கள், தகப்பனாகப்போகிறவன் தந்த ஒருவகை மீனை வாட்டிய நெருப்பருகே உட்கார்ந்தால், குறிப்பிட்ட தவளையைப் பிடித்தால், பிள்ளையை உள்ளே வைப்பதாகக் கனவு கண்டால் கரு நிற்கும் என்றதாக 1903இல் வால்டர் ராத் எழுதினார். அறியாமைக்கு ஆதாரமாக இதை மட்டும் எடுத்துப் போடுவார்கள். அதே பத்தியில் அவர் எழுதிய அடுத்த வரியை விட்டுவிடுவார்கள்: விலங்குகளுக்குக் கூடலால்தான் குட்டி என்பதை அந்த மக்கள் ஒப்புக்கொண்டார்கள், மனிதன் அப்படியில்லை என்பதே அவன் உயர்வு என்றார்கள். விலங்கில் தெரிந்தது மனிதனுக்குத் தானாகத் தாவிவிடாது. ஆட்டு மந்தைக் கோட்பாட்டின் மேல் விழும் அடியும் இதுதான்.

வட ஆஸ்திரேலியாவில் லாய்ட் வார்னர் முதல் முறை தங்கியபோது அங்குள்ளவர்களுக்குத் தெரியாது என்றே நினைத்தார். திரும்பப் போனபோது, விந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று முதியவர்களிடம் நேராகக் கேட்டார். இதுகூடத் தெரியாதா என்று ஏளனமாகப் பார்த்துவிட்டு, பிள்ளையை உண்டாக்குவது அதுதானே என்றார்கள். முன்பு அவர் கேட்டது பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று. அதற்கு ஆவி, நீர்ச்சுனை என்ற பதில் பொருத்தமானதுதான்.

1966இல் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் இதையெல்லாம் திரட்டி, கன்னித்தாயை வணங்கும் ஐரோப்பியரை யாரும் உடலறிவு இல்லாதவர்கள் என்று சொல்வதில்லையே, தீவுக்காரரை மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டார். மெல்ஃபோர்ட் ஸ்பைரோ 1968இல் எதிர்த்தார்: மக்கள் தெரியாது என்று சொல்லும்போது அதை அப்படியே எடுத்துக்கொள்வதில் என்ன இழிவு, அறியாமை குற்றமா என்று. ஸ்பைரோவின் கேள்வி நியாயமானது. ஆனால் பவலும் வார்னரும் சொன்ன விவரங்களுக்கு முன் அது நிற்கவில்லை என்பது என் கட்சி.

சுவடி:

அருமை. இரண்டு துணைக்கேள்வி. குகை ஓவியம், சிற்பம் இவற்றில் கூடலும் பேறும் ஒன்றாக வருகிறதா? குரங்குகளுக்கு ஏதாவது தெரியுமா? புதிதாக மந்தையைப் பிடித்த ஆண் குரங்கு முந்தையவனின் குட்டிகளைக் கொல்லும் என்கிறார்களே, தன் பிள்ளை இல்லை என்று தெரிந்துதானே?

எலும்பும்கல்லும்:

குரங்கு முதலில். ராஜஸ்தானின் அபு மலையில் சாம்பல் மந்தி (லங்கூர்) என்ற குரங்கினத்தின் கூட்டங்களை 1970களில் சாரா ஹர்டி கவனித்த செய்தி அது. பால் குடிக்கும் குட்டி செத்தால் தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரும், கொன்றவனுக்குத் தன் குட்டி கிடைக்கும். அப்படி நடந்துகொண்டவனின் சந்ததி பெருகியது, பழக்கமும் பெருகியது. இதற்கு அவன் மண்டையில் தகப்பன் என்ற எண்ணமே வேண்டியதில்லை. புதுக் கூட்டம், அறியாத தாய், கைக்குட்டி என்ற அடையாளம் போதும். தூக்கணாங்குருவி பொறியியல் படித்துவிட்டுக் கூடு கட்டுவதில்லை. செய்கையை வைத்து அறிவை அளந்தால் இந்தத் தலைப்பில் எல்லாமே கெட்டுப்போகும்.

சிற்பத்தில், கருவுற்ற பெண் வடிவமோ ஆண்குறி வடிவமோ தனித்தனியாக இருந்தால் இணைப்புக்குச் சான்று ஆகாது. ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையிலேயே இரண்டும் கிடைத்திருக்கின்றன: 35,000 ஆண்டுக்கு மேற்பட்ட ஆறு செ.மீ. தந்தப் பெண்ணுருவம் ஒன்று, ஏறத்தாழ 28,000 ஆண்டுப் பழைய, 20 செ.மீ. நீளக் கல் ஆண்குறி ஒன்று. நடுவே ஏழாயிரம் ஆண்டுக்கு மேல். ஒன்றோடொன்று பேசவைக்க முடியாது. பெத்லஹேம் அருகே ஐன் சக்ரி குகையைச் சேர்ந்த கூழாங்கல் சிற்பம், சுமார் 11,000 ஆண்டுப் பழையது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்து செ.மீ. உயரம், இருவர் தழுவி அமர்ந்த கோலம். கூடல் இருக்கிறது, பிள்ளை இல்லை.

இரண்டும் ஒரே கல்லில் வருவது துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில். 1960களில் ஜேம்ஸ் மெலார்ட் எடுத்த சிறு பலகைக்கல்லின் இடப்பக்கம் தழுவிய இருவர், வலப்பக்கம் குழந்தையோடு பெண். முன்னது காரணம், பின்னது விளைவு என்று அவர் வாசித்தார். இடமிருந்து வலம் கதை ஓடுகிறது என்பது நம் பழக்கம். இரண்டு தனிக் காட்சிகளாகவும் இருக்கலாம். இருந்தாலும் கையில் இருப்பதில் மிக நெருக்கமானது இதுதான். காலமோ ஆடு வளர்ப்புக்கு வெகுகாலம் பின்னால், ஆகவே தொடக்கத்தைக் காட்டாது. தாய்த்தெய்வக் கதைக்கும் இந்தச் சிற்பங்களைத்தான் இழுக்கிறார்கள். ஆதியில் பெண்களே ஆண்டார்கள் என்னும் தாயாட்சிக் கோட்பாட்டை 1861இல் பாஹோஃபென் என்ற சுவிஸ் அறிஞர் எழுதியபோது இவற்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. முடிவு முதலில் வந்தது, சான்று பிறகு தேடப்பட்டது.

சூல்நாள்:

முதல் அறிவைப் பற்றியே எல்லோரும் பேசிவிட்டீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சறுக்கிய கதை இன்னும் நீளம்.

ஒரே முறை போதும் என்பதை உலகில் பலர் ஏற்கவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் காட்டின் ஆகா மக்கள் கூடலைப் "பிள்ளை தேடுதல்" என்கிறார்கள், இரவு வேலை என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கூடினால்தான் கரு வளரும். அமேசானின் பல இனங்களில் விந்து சேரச் சேரத்தான் பிள்ளை உருவாகும், ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன் இருக்கலாம். வெனிசுவேலா–கொலம்பியா எல்லையின் பாரி மக்களிடம் பேற்றின்போது தாய் இரண்டாம் தகப்பனின் பெயரைச் சொல்வாள், அவன் மீனும் கறியும் கொண்டுவரக் கடமைப்பட்டவன். அப்படி இரண்டாம் தகப்பன் வாய்த்த பிள்ளைகளில் 80 விழுக்காடு 15 வயதைத் தொட்டன, வாய்க்காதவற்றில் 64. உடலறிவாகப் பார்த்தால் தவறு, பிள்ளைக்கோ சோறு. நூற்றுக்கு மூன்று என்ற கணக்கைத் திரும்பப் பாருங்கள். பல முறை கூடினால்தான் கரு என்பது அனுபவத்துக்கு ஒத்த முடிவுதான், அதைச் சேமிப்பாக எண்ணியதில்தான் பிசகு.

நாள் கணக்கில் நம் பக்கத்துச் சான்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியக் கற்பியலில், பரத்தையிடம் பிரிந்துபோன தலைவனும் பூப்பின் (இங்கே மாதவிலக்கின்) பின் ஈராறு நாள் தலைவியை நீங்கி உறையக் கூடாது என்ற விதி உண்டு. ஏன் அந்தப் பன்னிரண்டு என்றால், கரு வாய்க்கும் காலம் என்பதே உரைமரபு. 28 நாள் சுழற்சியில் முட்டை வெளிவருவது 14ஐ ஒட்டி, கரு நிற்கக்கூடிய அந்த ஆறு நாள் சாளரம் 9 முதல் 14 வரை. தொல்காப்பியக் கணக்கு அதன் மேல் போய் விழுகிறது. மனு சொல்லும் பதினாறு இரவுகள், முதல் நான்கும் பதினொன்றாவதும் பதின்மூன்றாவதும் நீங்கலாக, அதுவும் சாளரத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்கும் முன் ஒன்று. அவர்களுக்கு முட்டை தெரியாது. யார் எதைத் தருகிறார்கள் என்பதில் இங்கும் அடிதடிதான். மனுவில் பெண் நிலம், ஆண் விதை, விதையின் குணமே முளைக்கும். கிரேக்க நாடகமொன்றில் கி.மு. 458இல் அப்பல்லோ தெய்வம், தாய் பெற்றவளே இல்லை, விதையை வளர்ப்பவள் மட்டுமே என்று வாதாடுகிறது. திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியை ஆண்பகுதி மிகுந்தால் ஆண், பெண்பகுதி மிகுந்தால் பெண் என்கிறது, அதாவது இருவருக்கும் பங்கு. ட்ரோப்ரியாண்ட் அப்பனுக்குப் பங்கில்லை என்றது, அப்பல்லோ அம்மாவுக்குப் பங்கில்லை என்றார். முன்னதை மட்டும் "அறியாமை" என்று அழைக்கிறோம்.

ஐரோப்பிய மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தது இன்னும் மோசம். பெட்டைநாய் பருவத்தில் ரத்தம் கசிவதைப் பார்த்து, பெண்ணின் விலக்கும் அதுதான் என்று முடிவுகட்டினார்கள். நாய்க்கு ரத்தம் முட்டை வெளிவரும் முன் வருவது, பெண்ணுக்கோ கரு நிற்காதபோது கருப்பைப் படலம் கழிவது. விளைவு: பிள்ளை வேண்டாதவர்களுக்கு மாதத்தின் நடுப்பகுதியே பாதுகாப்பு என்று அறிவுரை. நேர் எதிர்! அந்தப் பேச்சைக் கேட்ட வீடுகளில் எத்தனை பிள்ளை கூடுதலாகப் பிறந்ததோ. ஜப்பானில் ஒகினோ 1924இலும், ஆஸ்திரியாவின் க்னாஸ் சில ஆண்டு கழித்தும் கணக்கைத் திருத்தினார்கள்: முட்டை வெளிவருவதை முந்திய விலக்கிலிருந்து எண்ணாதே, அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணு, பதினான்கு நாள் போல வரும் என்று.

நான்காவது அறிவு நகர்ந்த வழி: 1677இல் லேவன்ஹூக் விந்தில் நெளியும் உயிரிகளைப் பார்த்தார். ஸ்பல்லான்சானி ஆண் தவளைகளுக்கு இறுக்கமான கால்சட்டை தைத்துப் போட்டார். முட்டைகள் அழுகின. சட்டையில் தங்கிய துளியைத் தொட்டு வைத்த முட்டைகள் தலைப்பிரட்டை ஆயின. 1780இல் பெட்டைநாய் ஒன்றுக்கு விந்தைப் பீச்சாங்குழலால் செலுத்தினார், 62ஆம் நாள் மூன்று குட்டி. விந்தை வடிதாளில் வடிகட்டினால் கீழே இறங்கிய நீருக்கு வலு இல்லை, தாளில் தங்கியதற்கே வலு என்பதும் அவர் கையாலேயே தெரிந்தது. அப்படியும் நெளியும் உயிரிக்கு இதில் வேலை இல்லை என்று எழுதினார். பாலூட்டியின் முட்டையை ஃபான் பேயர் 1827இல் நாயிடம் கண்டார். ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் தெளிந்த முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் நெருங்கி ஒன்றாவதை வரைந்து 1876இல் வெளியிட்டார்.

தினைப்புனம்:

சூல்நாள், ஒரு சின்னத் திருத்தம். ஈராறு நாளை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில் விடை மாறும். பூப்பின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 12இல் முடிந்துவிடும், 9 முதல் 14 வரையான சாளரத்தில் நான்கு நாள்தான் உள்ளே வரும், வாய்ப்பு மிகுந்த கடைசி இரண்டும் வெளியே போய்விடும். விலக்கு நாள் மூன்றையும் கழித்து எண்ணினால் 4 முதல் 15 வரை, சாளரம் முழுதும் அடங்கும்.

சூல்நாள்:

சரிதான். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது 28 நாள் சுழற்சிக்காரிக்கு மட்டும். 35 நாள் சுழற்சி என்றால் முட்டை 21ஆம் நாளை ஒட்டித்தான் வரும், எப்படி எண்ணினாலும் தலைவன் பன்னிரண்டு நாளும் வீட்டில் இருந்துவிட்டுச் சாளரம் திறக்கும் நேரத்தில் பரத்தை வீட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

சுவடி:

போதுமான அளவு கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. பவல் சொன்ன "பெண்கள் பேச்சு" பற்றித் தனி இழை தொடங்குகிறேன். மற்ற ஊர்களிலும் அப்படி இரண்டு பேச்சு பதிவாகியிருந்தால் அங்கே எழுதுங்கள்.